தோளில் சுமை இருக்கையில் கண் எங்கே இருக்க வேண்டும்?

உங்கள் இல்லத்தில் பதினெட்டு, இருபது வயதில் ஒரு பிள்ளை இருந்தால், அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வருபவராக இருக்கக்கூடும். பெரியகுளம், தேனி போன்ற ஊர்களில் மட்டுமல்ல, எங்கள் வடுகபட்டி வாலிபர்களிடமும் இந்த ஆர்வம் பரவியிருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். அவர்கள் 'ஸ்குவாட்' என்று சொல்வது வேறொன்றுமில்லை, நம் முன்னோர் தாலிம்கானாவில் எடுத்த பஸ்கியே அது. தோளின்மேல் ஓர் இரும்புக் கம்பியும் அதன் இருமுனைகளில் எடைத் தட்டுகளும் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தக் கூடுதல் சிறியதன்று. காமா பயில்வான் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெறும் உடலோடு எடுக்கும் பஸ்கியில் கண் எங்கே அலைந்தாலும் பெரிய கேடில்லை. தடுமாறினால் எழுந்து நின்றுகொள்ளலாம். ஆனால் போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் கம்பி மட்டுமே 20 கிலோ. இரு பக்கமும் 20 கிலோத் தட்டு ஒவ்வொன்றைச் செருகினால் 60 கிலோ ஆகிவிடும். அதைத் தாங்கியபடி உட்கார்ந்து எழும்போது கண் போகும் திசையில் தலை போகும். தலை போன வழியில் கழுத்தும், கழுத்தைத் தொடர்ந்து முதுகும் போகும்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்கி நிற்பவை கழுத்தின் 7 எலும்புகள். முகவாய் மார்பைத் தொடுமளவு குனிந்தால் மேல்முதுகு கூனிக் கம்பி முன்னுக்கு நழுவப் பார்க்கும். தலையைப் பின்னுக்கு அண்ணாந்தால் கழுத்து மடங்கி, அதோடு இடுப்புப் பகுதியும் மிகையாக வளையத் தொடங்கும். கண்ணுக்கு மற்றொரு வேலையும் உண்டு. நாம் நிலைகுலையாமல் நிற்பதற்கு உட்காதும், தசை மூட்டுகளின் உணர்வும், பார்வையும் சேர்ந்தே உதவுகின்றன. ஐயமிருந்தால் சுவரருகே ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். சில நொடிகளில் கை சுவரைத் தேடும்.

என் தம்பி மகனுக்கு ஒரு பயிற்சியாளர் கற்றுத் தந்த பாடம், கூரையைப் பார்த்தபடி எழுந்திரு என்பது. சில வாரங்களில் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். திண்ணையில் இருந்த என் பெரியத்தா, எங்கள் ஊர்ப் பூண்டுச் சந்தையில் நெடுங்காலம் மூட்டை சுமந்தவர். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிவரும் பூண்டு மூட்டைகள் எத்தனையோ அவர் முதுகில் ஏறியிறங்கியிருக்கின்றன. விவரம் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஏப்பா, மோட்டைப் பாத்துக்கிட்டு மூட்டை தூக்குனவனை நான் இன்னும் பாக்கலையே!" மூட்டை சுமப்போர் காலடியையும் பார்ப்பதில்லை, வானத்தையும் பார்ப்பதில்லை. நாலைந்து அடி முன்னால் தரையில் கண் வைத்து நடப்பார்கள்.

ஆயினும் அந்தப் பயிற்சியாளரின் சொல் முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. நம் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோப் பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அத்தகைய போட்டிகளில் வீரர் கம்பியை மார்புக்குமேல், தோளின் முன்புறத்தில் ஏந்தியபடி எழுவார். அங்கே தலை தாழ்ந்தால் முழங்கைகளும் தாழும், கம்பி முன்னே உருண்டுவிடும். ஆகவே கண் நேரேயோ சற்று உயரேயோ இருப்பது அங்கே பொருந்தும். முதுகின்மேல் கம்பி வைத்து எடுக்கும் பஸ்கிக்கு அதை அப்படியே கொண்டுவந்து, மேலும் மிகைப்படுத்திக் கூரைவரை ஏற்றிவிடுவதுதான் தொல்லை.

முதுகில் கம்பி வைக்கும் முறையிலும் வல்லுநர் ஒருமித்துப் பேசவில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் மார்க் ரிப்பிட்டோ, சில அடி முன்னால் தரையைப் பார்த்தால் இடுப்பின் வலிமையோடு எழலாம் என்கிறார். 2006இல் வெளியான ஓர் ஆய்வோ, கீழே பார்த்தபோது இடுப்பும் உடலும் சற்றுக் கூடுதலாக முன்சாய்வதைக் கண்டு, அப்பார்வை வேண்டாம் என்றது. வேறுபாடு சில பாகைகள்தாம். கழுத்து முதுகின் நேர்கோட்டில் இருக்கிறதா, கண் ஒரே புள்ளியில் நிற்கிறதா என்ற இரண்டையும் கவனித்தால் போதும் என்பது என் கருத்து. அந்தப் புள்ளி தரையிலும் இருக்கலாம், எதிர்ச்சுவரின் அடிப்பகுதியிலும் இருக்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. நிலையில் நிற்கும்போது ஸஜ்தா செய்யும் இடத்தைப் பார்க்கிறார்கள் அல்லவா? ஏறத்தாழ அந்தத் தொலைவு. ருகூவில் தலையை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் முதுகோடு சமமாக வைக்கிறார்கள் அல்லவா? கழுத்துக்கு அதே நிலை. (இதைச் சாக்காக வைத்துத் தொழுகையையே தேகப்பயிற்சியாக்கிப் பேசுவோர் உண்டு. அந்தக் கட்சியில் நான் இல்லை. பழகிய அளவுகோல் என்பதற்காகச் சொன்னேன்.)

கண்ணாடி ஒரு பெருந்தொல்லை. கூடங்களில் நாற்புறமும் கண்ணாடி பதித்துவிடுகிறார்கள். எடையோடு இறங்கும் பாதியில் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் தோற்றத்தைப் பார்க்கத் திரும்பும் வாலிபருக்குக் கழுத்து சுமையின்கீழ் முறுக்கிக்கொள்ளும். தன் நிலையைக் காண வேண்டுமானால் தோழர் ஒருவரைக் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படமெடுக்கச் சொல்லிப் பிறகு பார்க்கலாம்.

பெண்மக்களுக்கும் இது பொருந்தும். அளவான சுமைப் பயிற்சி எலும்புகளுக்கு வலுவூட்டுவது. மகளிர் கம்பி 15 கிலோ, அதுவும் கனமென்றால் வெறுங்கையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தே தொடங்கலாம். இரத்த அழுத்தமோ முதுகுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடை தொட வேண்டாம்.

உங்கள் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: நிற்குமிடத்திலிருந்து நாலடி முன்னால் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி வைக்கட்டும். கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்து நிலைகொண்டதும் கண் அதில் பதியட்டும். இறங்கும்போதும் எழும்போதும் அங்கேயே இருக்கட்டும். முடித்தபின் தலையைத் திருப்பித் தாங்கியைத் தேட வேண்டியதில்லை. நேரே முன்னே நடந்து, கம்பி இரு பக்கத் தூண்களிலும் மோதும் ஓசை கேட்ட பிறகு முழங்காலை மடக்கி இறக்கினால், கம்பி தானாகவே கொக்கியில் அமர்ந்துவிடும்.