எமன் வேடம் போட்டவர் எழுதிய நாடகங்கள்

வள்ளி திருமணம் நாடகத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் தொடங்கினால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். நாரதர் ஒரு ஊர்க்காரர், வள்ளி வேறொரு ஊர்க்காரி. ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் அன்றிரவுதான் சந்தித்திருப்பார்கள். ஆனாலும் ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் கேள்வியும் பதிலும் விருத்தமும் தடங்கலின்றி வருகின்றன. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த முறை நடக்கிறதென்றால், அத்தனை நடிகர்களுக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதுதான் காரணம். அந்தப் பாடம் சங்கரதாஸ் சுவாமிகளுடையது.

நாடக ஆசிரியர் என்று அவரைக் கும்பிடுகிறோம். அவர் முதலில் நடிகர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதினார். 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் என்று பார்ப்பவர்களை நடுங்கவைக்கும் வேடங்கள். அவருடைய உக்கிரத்தைப் பார்த்துக் கர்ப்பிணி ஒருத்தி அஞ்சி விழுந்தாள், அதற்குப் பிறகு அவர் அரிதாரத்தைத் தொடவே இல்லை என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள்.

அவர் ஏன் நடிப்பை விட்டார் என்பதற்கு அந்தக் கதை போதும். எழுத்துக்கு வந்தபோது கையோடு என்ன கொண்டுவந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எந்த இடத்தில் மூச்சு வாங்கும், விருத்தத்தை எங்கே நீட்டினால் ஜனம் தலையாட்டும், பேச்சு முட்டினால் எந்தப் பாட்டு கைகொடுக்கும் என்பதெல்லாம் மேடையில் நின்றவருக்குத் தெரியும். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாவற்றிலும் நடிகன் தன் சாமர்த்தியத்தைக் காட்ட இடம் விட்டிருக்கிறார். தர்க்கத்தை இன்றைக்கும் நடிகர்கள் தங்கள் படிப்புக்கேற்ப வளர்த்துக்கொண்டு போகிறார்கள். கதை மட்டும் கலைவதில்லை. அறையில் உட்கார்ந்து எழுதிய எந்தப் புலவருக்கும் இது கூடிவந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். அவர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். இதை நான் நம்புகிறேன். எந்தப் பையனுடைய குரல் எதுவரை எட்டும் என்று அறிந்த வாத்தியாருக்கு அது முடியும். கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோனது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரமாகிவிட்டது என்று தர்க்கத்தை வெட்டச் சொல்லாதீர்கள். நடுவில் சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்பாதீர்கள். நாரதரும் வள்ளியும் பேசி முடிக்கட்டும்.