அன்னூர் வேகத்தடையும் குன்னூர் மூடுபனியும்

மே மாத ஊட்டிப் பயணத்தில் மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு மலை பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிவந்த கணக்கு இது. போன மே மாதம் அந்தக் கணக்கு தப்பிப்போனது.

இந்த முறை பயணம் அப்பாவுக்காக. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே 22 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். இப்போது 74 வயது. ஜனவரியில் இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்தது. "அந்த ரோட்டை ஒரு தடவை தெளிவாப் பாக்கோணும் தம்பி" என்றார். எதையும் கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை. உடனே இ-பாஸ் எடுத்துவிட்டேன்.

ஈரோட்டில் கிளம்பும்போது மணி ஒன்பது. முன் சீட்டில் அப்பா. பின்னால் அம்மா, மனைவி, பத்து வயது மகள். வண்டிக்கு வயது 11. பெருந்துறை, அவிநாசி வரைக்கும் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. அன்னூர் தாண்டியதும் அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. குமிழைக் கடைசி வரை நீலப் பக்கம் திருப்பியும், வந்தது சுடுகாற்றுதான்.

"வேகத்தடையில வண்டி எகிறுச்சே, அப்பறந்தான் சூடாச்சு" என்றார் அப்பா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கப்பா. கேஸ் திரும்பவும் இறங்கியிருக்கும்" என்றேன். ஒரு மாதம் முன்புதான் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே தொல்லைக்கு 'கேஸ் காலி' என்று சொல்லி, நிரப்பி, 2,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அப்பா அதற்குமேல் பேசவில்லை.

கண்ணாடியை இறக்கினால் வெளியிலிருந்தும் அனல். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. மகள் தண்ணீரில் நனைத்த துண்டால் அப்பத்தாவின் கழுத்தைத் துடைத்தபடியே வந்தாள். திரும்பிவிடலாமா என்று மனைவி மெல்லக் கேட்டாள். எனக்கும் அதே யோசனைதான்.

வந்து வந்து போகிற வியாதி

மேட்டுப்பாளையத்தில், உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஏ.சி. மெக்கானிக் கடை. அம்மாவை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வண்டி பக்கமே வந்தார் அந்தத் தம்பி.

முதலில் கேட்ட கேள்வியே வேறு. "எப்பவுமே சூடா வருதுங்களா, வந்து வந்து போகுதுங்களா?"

"வந்து வந்து போகுது" என்றேன்.

"கேஸ் லீக்காகிப் போயிருந்தா, தானா திரும்பி வராதுங்களே அண்ணா" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. பட்டனை அமுக்கச் சொன்னார். பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கம்ப்ரசர் பிடிப்பது அதுதான். பிறகு இரண்டு ஏ.சி. குழாய்களில் பருமனானதைக் காட்டினார். ஐஸ் பாட்டில்போல் வேர்த்திருந்தது. "குளிர் இங்க வரைக்கும் தயாராத்தான் இருக்குதுங்க. உள்ள வர்ற வழியில யாரோ சூட்டைக் கலக்குறாங்க."

அந்த 'யாரோ' யார் என்பதையும் விளக்கினார். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி. அதற்குள் குளிர்விக்கும் காயில் ஒன்று. இன்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் காயில் ஒன்று. காற்று முதலில் குளிர்ந்த காயிலைத் தாண்டும். பிறகு அதில் எவ்வளவை ஹீட்டர் வழியே அனுப்புவது என்பதை ஒரு சின்ன ஃபிளாப், அதாவது கதவு, தீர்மானிக்கும். நாம் திருப்புகிற நீலம்-சிவப்புக் குமிழ், ஒரு கேபிள் மூலம் இழுப்பது இந்தக் கதவைத்தான்.

குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். பிடிப்பே இல்லாமல் வழுக்கியது. காலடியில் படுத்து டார்ச் அடித்தால், கேபிளைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் தளர்ந்து தொங்கியது. வண்டி குலுங்கினால் கதவு தன் இஷ்டத்துக்கு நகரும். நல்ல இடத்தில் நின்றால் குளிர், தப்பான இடத்தில் நின்றால் சூடு.

"வேகத்தடை, குழி ஏதாவது ஏறி இறங்குனப்பறம் மாறுச்சுங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "அன்னூர்ல" என்றார் அவர், சுருக்கமாக.

புது கிளிப் போட்டு, கேபிளை இழுத்து மாட்டினார். பத்தே நிமிஷம். குளிர் வந்தது. இன்னொரு கோளாறையும் அவரே கண்டுபிடித்தார்: காற்று வேகம் நான்காம் எண்ணில் மட்டும் ஓடியது, 1, 2, 3-ல் மூச்சே இல்லை. "முதல் மூணு வேகமும் ரெசிஸ்டர் வழியாப் போகுதுங்க, நாலு நேராப் போகுது. ரெசிஸ்டர் போயிருக்கு. எங்கிட்ட இப்ப இல்லைங்க. ஊருக்குப் போய் மாத்துங்க. மோட்டார் இறுகியிருந்தாலும் இப்படி எரியும், அதையும் பாக்கச் சொல்லுங்க." மொத்தம் 300 ரூபாய் வாங்கினார்.

கிளம்பும்போது ஜன்னலருகே வந்து சொன்னார்: "மேல மழை பெய்யுதாம். கண்ணாடி உள்பக்கம் பனிச்சா ஏ.சி.யை அணைச்சிராதீங்க. ஏ.சி.யைப் போட்டு, குமிழைச் சூட்டுப் பக்கம் வெச்சு, காத்தைக் கண்ணாடிக்கு விடுங்க." காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை.

பர்லியாறு முதல் குன்னூர் வரை

கல்லாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகளின் நிழல். கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் உயரமுள்ள மேட்டுப்பாளையத்தில் புறப்படும் சாலை, சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடும். ஒவ்வொரு வளைவிலும் அப்பாவின் வலது கை தன்னையறியாமல் ஸ்டியரிங் திருப்பியது. "இங்கதான் ஒரு நாள் ராத்திரி ஒத்தை யானை, ஒண்ணரை மணி நேரம் வழி விடல" என்று மகளுக்குக் காட்டினார். புதுக் கண்ணோடு எல்லாவற்றையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்தார்.

பர்லியாறில் டீ குடிக்க இறங்கினோம். பழக்கடைகளில் மங்குஸ்தான் வந்திருந்தது. வாங்குவதற்குள் மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் நனைந்து வண்டிக்குள் ஓடினோம்.

மேலே ஏற ஏற மூடுபனி இறங்கியது. ஏற்றத்தில் வண்டி திணறாமல் இருக்கட்டும் என்று ஏ.சி.யை அணைத்தேன்; குளிரும் ஆரம்பித்திருந்தது. அதுதான் நான் செய்த தப்பு. கீழே வெயிலுக்காக 'உள் காற்று மட்டும்' என்று வைத்திருந்த நெம்புகோலையும் மாற்றவில்லை. ஐந்து பேரின் மூச்சு, நனைந்த துணிகளின் ஈரம் எல்லாம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றின. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில், முன் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கையால் துடைத்தேன், அடுத்த நொடி மறுபடி. எதிரே ஹாரன் சத்தம் மட்டும் கேட்கிறது. பஸ்ஸா, லாரியா, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"பதறாத. இண்டிகேட்டரைப் போடு. இன்னும் இருபதடி போனா இடப்பக்கம் அகலமா இருக்கும், மைல்கல் நிக்கும். அங்க நிறுத்து." அப்பாவின் குரலில் பழைய டிரைவர் இருந்தார். அவர் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை நீட்டி, "வா... வா... இன்னும் வா... போதும்" என்று சொல்லி நிறுத்தினார். மைல்கல் அங்கேயே இருந்தது.

அங்கேதான் மெக்கானிக் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. ஏ.சி. ஆன், குமிழ் சிவப்புப் பக்கம், காற்று முன் கண்ணாடிக்கு, நெம்புகோல் வெளிக்காற்றுக்கு. ஓடுகிற ஒரே வேகமான நான்காம் எண் 'ஹோ' என்று இரைந்தது. கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு கோடு தெளிந்து, மெல்ல மேலேறி, இரண்டு நிமிஷத்தில் சாலை தெரிந்தது. ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சூடு கண்ணாடியை உலர்த்தும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். "எங்க காலத்துல வைப்பர் ஓடலைன்னா வெளிக் கண்ணாடியில புகையிலையைத் தேய்ப்போம். உள்பக்கத்துக்குக் கண்டக்டர் துண்டு வெச்சுத் துடைச்சுக்கிட்டே வருவாரு. இப்ப ஒரு குமிழு போதும்கறியா!"

கிளம்புமுன் ஐந்து நிமிடம்

மலைக்குக் காரில் போகிறவர்கள் வீட்டு வாசலிலேயே இவற்றைப் பார்த்துவிடலாம்.

• இன்ஜின் சூடான பிறகு குமிழை நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புங்கள். காற்று மாறாவிட்டால், கேஸ் நிரப்பும் முன் கேபிளையும் ஃபிளாப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் ஏ.சி.யில் கேபிளுக்குப் பதில் சின்ன மோட்டார் இருக்கும். டாஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று விடாமல் சத்தம் வந்தால் அதன் பல்சக்கரம் உடைந்திருக்கலாம்.

• எல்லா வேகத்திலும் காற்று மெலிந்து வந்தால், முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைத்திருக்கும்.

• ஹீட்டர் சூடாகவே இல்லையென்றால் கூலன்ட் குறைந்திருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

• உள்ளே தித்திப்பான வாடையும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் வந்தால் ஹீட்டர் காயில் ஒழுகலாம். சரிசெய்யாமல் மலை ஏற வேண்டாம்.

• பனி வெளிப்பக்கம் படிந்தால் வைப்பர் போதும். கண்ணாடிக்குப் போகும் குளிரை மட்டும் குறையுங்கள்.

குன்னூர் பேருந்து நிலையத்தருகே நிறுத்தச் சொல்லி, ஏறி இறங்குகிற பேருந்துகளைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் அப்பா. அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. மங்குஸ்தானை உரித்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

ஊர் திரும்பியதும் ரெசிஸ்டரை மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் வண்டியில் ஏதாவது புதுச் சத்தம் கேட்டால், மெக்கானிக்குக்கு போன் போடுவதற்கு முன் பக்கத்து சீட்டைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுதுங்கப்பா?" என்று கேட்டுவிடுகிறேன்.