கடைசி 200 மீட்டர்

பதிவு எழுதி நாலு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அதற்குப் பின்னால் ஆடிட் என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது பொய். எழுத உட்கார்ந்தாலே இந்த ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நின்றது. இதைச் சொல்லாமல் பூனே மழையைப் பற்றியோ, இங்கே கிடைக்காத முருங்கைக்கீரையைப் பற்றியோ எழுதக் கை வரவில்லை.

மூத்தவள் ஓடுவாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் பள்ளிகளுக்கு இடையிலான 800 மீட்டரில் முதலாவதாக வந்தாள். 2 நிமிடம் 46 விநாடி. அன்றைக்கு நான் போட்ட அலம்பல் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும் :-) பி.காம் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன் கையில் இப்படி ஒரு பெண் கிடைத்தால் என்ன செய்வான்? எக்ஸெல் ஷீட் போட்டான். தேதி, தூரம், நேரம், ஒவ்வொரு 200 மீட்டருக்கும் தனி நேரம், பக்கத்தில் ஒரு கிராஃப்.

அடுத்த வருஷம் அந்த கிராஃப் தப்பான பக்கம் திரும்பியது. 2:52. 2:58. 3:04. முதல் 600 மீட்டர் வரை முன்னணியில் இருப்பாள். கடைசி 200 மீட்டரில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி தொங்கிப் போவாள். போன வருஷம் அவள் பின்னால் வந்த குழந்தைகள் எல்லாம் சாவகாசமாகத் தாண்டிப் போனார்கள்.

நான் கண்டுபிடித்த காரணம்: செல்போன். அதைப் பிடுங்கி வைத்தேன். காலை ஐந்து மணிக்கே எழுப்பினேன். கோச் முன்னாலேயே, "சோம்பேறித்தனம் வந்துடுச்சு சார்" என்றேன். ஒரு நாள் பயிற்சியின் நடுவில் டிராக் ஓரமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போய் நான் சொன்ன வார்த்தை, "நடிக்காத, எந்திரி."

எந்திரிச்சாள். ஓடவும் செய்தாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இங்கே கதைக்குள் ஒரு குதிரை வருகிறது. எங்கள் கிளையில் பென்ஷன் வாங்கும் கர்னல் ஒருவர் உண்டு. ராணுவத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். நவம்பர் பிறந்தால் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வருவார். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஐந்து நிமிஷம், குதிரையைப் பற்றிச் சொல்ல ஐம்பது நிமிஷம். மகன் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் மில்டன் பக்கம் இருப்பதால் வருஷத்தில் ஆறு மாசம் அங்கே. அந்தப் பக்கத்தில்தான் மோஹாக் பார்க் என்ற மைதானம் இருக்கிறது. கர்னல் காலையில் வாக்கிங் என்று கிளம்பினால் குதிரை லாயத்தில்தான் போய் நிற்பாராம்.

அங்கே நடப்பது நம் மகாலக்ஷ்மி, கிண்டி மாதிரி முதுகில் ஜாக்கி ஏறும் ரேஸ் இல்லை. நம்மூர் ரேக்ளா மாதிரி, 'சல்கி' என்ற இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுநர் உட்கார்ந்து ஓட்டுவது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. ஒன்று டிராட் (குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கால்), இல்லாவிட்டால் பேஸ் (ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து). நடை உடைந்து பாய்ச்சலுக்கு மாறினால், வேகத்தைக் குறைத்துத் திரும்பவும் சரியான நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். இந்த ரேஸுக்கென்றே உருவான ஜாதியின் பெயர் ஸ்டாண்டர்ட்பிரெட். 1879ல் ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும் என்று ஸ்டாண்டர்ட் வைத்ததால் அந்தப் பெயர். 2022ல் புல்டாக் ஹனோவர் என்ற குதிரை அதே மைலை 1 நிமிடம் 45.8 விநாடியில் ஓடிவிட்டது!

அந்த நவம்பரில் கர்னல் வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மேனேஜர் சாப், ஆடிட்டா?" என்றார். பெண்ணைப் பற்றிப் புலம்பினேன். ஷீட்டையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"ஆரம்பத்திலிருந்தே மெதுவா, கடைசியில்தான் விழுகிறாளா?"

"தட்டில் சாப்பாடு மிச்சம் வைக்கிறாளா?"

"வயசு என்ன?"

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் பதில் தெரிந்தது. இரண்டாவதுக்குத் தெரியவில்லை. நான் வீட்டுக்கு வருகிற நேரத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெட்டைக் குட்டியின் கதையைச் சொன்னார். இரண்டு வயது. பயிற்சியில் எல்லோரையும் அசத்தியது. ரேஸில் விட்டால் மைலின் முக்கால் பங்கு வரை அருமை, கடைசிக் கால் பங்கில் நடை உடைந்துவிடும். பயிற்சியாளர் சவுக்கை மாற்றினார், கடிவாளத்தை மாற்றினார், ஓட்டுநரையே மாற்றினார். "மனசில் தைரியம் இல்லாத குதிரை" என்று முத்திரை குத்தி விற்பதற்குக்கூட ஆள் பார்த்தாயிற்று. தொட்டியில் தினமும் கொஞ்சம் தானியம் மிச்சம் இருப்பதை லாயத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்திதான் கவனித்துச் சொன்னாள்.

மூன்று மீட்டர் நீளக் குழாயில் கேமராவை வைத்து மூக்கு வழியாக இறக்கிப் பார்த்தார்கள். வயிற்றில் புண். குதிரை நாள் முழுக்க மேய்வதற்காகப் படைக்கப்பட்ட பிராணி. அதன் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். லாயத்தில் கட்டி இரண்டு மூன்று வேளை தானியம் மட்டும் வைத்தால் நடுவில் வயிறு காலி. அதோடு வேகமாக ஓடும்போது வயிறு நெருக்கி, அமிலம் மேல்பகுதிக்கு ஏறுகிறது. அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது. எரியும். அது எப்படிச் சொல்லும்? நடையை உடைத்துத்தான் சொல்லும். மருந்து என்ன தெரியுமா? ஓமெப்ரசோல். நாம் ஆஃபீஸ் டிராயரில் வைத்திருக்கிற அதே சமாசாரம்தான், பேஸ்ட் வடிவில்.

வெளியே தெரியாத நோய்கள் இன்னும் நிறைய இருக்கின்றன என்றார். சில குதிரைகளுக்கு ஓடும்போது நுரையீரலுக்குள் ரத்தம் கசியும், ஆனால் மூக்கில் ஒரு சொட்டு வராது. ரேஸ் முடிந்து குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வைக்கோல் தூசியால் மூச்சுக்குழாய் லேசாக வீங்கியிருக்கும், எப்போதாவது ஒரு இருமல், அவ்வளவுதான். சிலதுக்கு இதயத்துடிப்பின் தாளம் தப்பும். லாயத்தில் நிற்கும்போது ஜம்மென்று இருக்கும், ரேஸின் நடுவில் திடீரென்று காற்று போன பலூன். ஒரு காலில் லேசான வலி இருந்தால் நொண்டக்கூடச் செய்யாது, ஒரு பக்க வாரை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடும். நல்ல ஓட்டுநருக்குக் கையில் தெரியும். மோசமான ஓட்டுநர் திமிர் என்பார்.

"அந்தக் குட்டிக்கு இன்னொரு விஷயமும் இருந்தது," என்றார். "அது வளர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக இருந்தது."

குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும் என்பது ரேஸ் கணக்கு. ஜனவரியில் பிறந்ததும் மே மாசம் பிறந்ததும் காகிதத்தில் ஒரே வயது. எலும்பு அந்தக் காகிதத்தைப் படிக்காது. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு மூடுவதற்குச் சுமார் இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பு முழுசாக முற்றுவதற்கு ஐந்து வயதாவது ஆகும். அதற்காகச் சும்மா கட்டிப்போட்டாலும் தப்பு, அளவான ஓட்டத்தில்தான் இளம் எலும்பு உறுதிப்படும். அளவு என்ன என்பதுதான் வித்தை. அமெரிக்காவில் பெரிய பரிசுகளில் நிறைய, இரண்டு மூன்று வயதுக் குதிரைகளுக்குத்தான். புகழ்பெற்ற ஹாம்பிள்டோனியன் மூன்று வயதுக்கானது. பிரான்சில் நடக்கும் பிரி த'அமெரிக்கில் நாலு வயதிலிருந்து பத்து வயது வரை ஓடலாம். ஊராசி என்ற குதிரை அதை நாலாவது முறை ஜெயித்தது 1990ல், பத்து வயதில். அமெரிக்காவிலேயே ஃபாயில்டு அகெய்ன் என்ற குதிரை ஒன்பது வயதில் பிரீடர்ஸ் கிரவுன் ஜெயித்து, 14 வயதில், விதிப்படி ஓய்வு பெற வேண்டிய கடைசி வருஷம் வரை ஓடியது. மொத்தம் 109 வெற்றி.

அந்தக் குட்டியை அந்த சீசன் முழுக்கப் புல்வெளியில் விட்டுவிட்டார்களாம்.

கடைசியாகக் கர்னல் சொன்னார்: "குதிரைக்குப் பேச வராது. அதனால்தான் நாங்கள் தொட்டியைப் பார்க்கிறோம், சாணியைப் பார்க்கிறோம், குழாய் விடுகிறோம். உங்கள் பெண்ணுக்குப் பேச வரும். கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அன்று ராத்திரி தங்கமணியிடம்தான் முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள். பெரியவளானதிலிருந்தே மாசாமாசம் எட்டு நாள் போகிறது. நிறையவே போகிறது. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது"ன்னு விட்டுவிட்டேன். தட்டில் பாதி மிச்சம். அரிசி டப்பாவைத் திறந்து பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கிறாள், அதற்கு வேறு திட்டு.

ஊரில் இருந்திருந்தால் அம்மாவோ அத்தையோ ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். வெளுத்த முகத்தைப் பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "புள்ளைக்கு ரத்தமே இல்லையேடா" என்றிருப்பார்கள். இங்கே மூன்றாவது மாடி ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் என் எக்ஸெல் ஷீட்டும்.

மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் போனோம். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்புச் சத்தும் கிட்டத்தட்டக் காலி. தைராய்டு, ஸ்கேன் எல்லாம் நார்மல். இரும்புச் சத்து மாத்திரையும், போக்கைக் குறைக்க மாத்திரையும் கொடுத்தார். "இந்த அளவில் இவள் 800 மீட்டர் ஓடினாளா?" என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆஃபீஸில் நான் இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு கடன் கணக்கில் தவணை தள்ளிப்போனால் 90 நாள் கழித்துத்தான் வாராக்கடன். அதற்கு முன்பே 30 நாள், 60 நாள் என்று எஸ்எம்ஏ பட்டியலில் போட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். சரக்கு தேங்குகிறதா, பாக்கி வரவில்லையா, முதலாளிக்கு உடம்பு சரியில்லையா? பார்ட்டியைப் பார்த்து "நடிக்காதே" என்று சொல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்காது. தென்னந்தோப்புக்குக் கடன் கொடுத்தால் காய்ப்புக்கு வரும் வரை தவணையே கேட்க மாட்டோம். உடுமலைப் பக்கத்தில் என் தாத்தா ரேக்ளாக் காளையின் வாயைத் திறந்து பல்லை எண்ணாமல் வண்டியில் பூட்ட மாட்டார். இதெல்லாம் தெரிந்த ஒருத்தன், பெற்ற பெண்ணிடம் கிராஃபை மட்டும் பார்த்தான்.

ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது காரில், "ஸாரிம்மா" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "நான் வேணும்னே மெதுவா ஓடலப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். சினிமா மாதிரி கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15லிருந்து 19 வயதுக்குள் உள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பத்துக்கு ஆறு பேர். அவர்களில் எத்தனை பேரை வீட்டில் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமோ. வெளியூரில் குழந்தை வளர்க்கிற மக்களே, மார்க் குறைந்தாலோ, ஓட்டம் குறைந்தாலோ, எப்போதும் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, திட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி.

இப்போது ஹீமோகுளோபின் 12.3. வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி, அதுவும் அவளே கேட்டுப் போவது. நேரம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஸ்டாப்வாட்ச் கொண்டு வரக்கூடாது என்பது மகாராணியின் கண்டிஷன். நான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறேன். உடம்பு வேறு உருவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, பழைய வேகம் வரலாம், வராமலும் போகலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொள்ள எனக்கு அவசரமில்லை.

போன வாரம் மில்டனிலிருந்து கர்னல் ஒரு போட்டோ அனுப்பினார். சல்கியோடு அந்தக் குட்டி, இப்போது பெரியவள். நாலாவதாக வந்தாளாம். நடை உடையவில்லை, தொட்டியும் காலி என்று எழுதியிருந்தார்.

டிஸ்கி: மூத்தவள் படித்துவிட்டு இரண்டு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டியாயிற்று. "நடிக்காத"ன்னு சொன்னதை வெட்டட்டுமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றாள்.