அழிஞ்ச பைலும் அம்மம்மாவின் வீடும்

போன வருசம் ஒரு பின்னேரம் அம்மம்மா கேட்டா, "தம்பி, நீ அண்டைக்கு அளந்து கீறினாயே, அந்த வீட்டுப் படம் இருக்கே? பெரிசா அடிச்சுத் தாவன், சுவரில மாட்ட."

இருக்கு அம்மம்மா, நாளைக்கே கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு பென் ட்ரைவைக் குத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போல்டரே இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். வடமராட்சியில் அம்மம்மா பிறந்து வளர்ந்த வீடு ஒரு நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றி நாலு பக்கமும் விறாந்தை, முன்னுக்குத் திண்ணை. 2022 பங்குனியில், நான் ஓட்டோகாட் படித்துக்கொண்டிருந்த நேரம், பழகுவதற்கு ஏதாவது உண்மையான கட்டடம் வேண்டுமென்று அந்த வீட்டை அளந்தேன். ரேப்பின் ஒரு நுனியை அம்மம்மா பிடித்தா, மற்ற நுனியை நான் பிடித்தேன். அளவுகளை சீ.ஆர். கொப்பியில் எழுதி, இரவில் லப்டொப்பில் கீறுவேன். அடுத்த வருசம் மாமா வீட்டை இடித்தார். அவரிலும் பிழையில்லை. கூரை முழுக்க ஒழுக்கு, மரம் எல்லாம் கறையான். ஓடுகளை ஆரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆக, திரும்பப் போய் அளக்க வீடு இல்லை. கொப்பியையும் வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். "அதுதான் பைல் இருக்கே" என்ற நினைப்பு.

பைலை அழித்தது வேறு ஆருமில்லை, நான்தான். சிநேகிதன் ஒருவன் படம் ஏற்றித் தரச்சொல்லி பென் ட்ரைவைக் கேட்டான். இடம் காணாது என்று பழைய போல்டர்களை அள்ளி டிலீட் பண்ணினேன். லப்டொப்பில் ஒரு பிரதி கிடக்கும் என்று நினைத்தேன். கிடக்கவில்லை. நான் எப்போதும் பென் ட்ரைவிலிருந்தே நேராகத் திறந்து, அதிலேயே சேவ் பண்ணுகிற ஆள்.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். ரிசைக்கிள் பின்னைத் திறந்தேன். பென் ட்ரைவில் அழிப்பது அதற்குள் வராது. லப்டொப்பின் வன்தட்டில் அழிப்பதுதான் அங்கே போய்க் கிடக்கும்.

இரண்டாவது, பக் பைல். ஓட்டோகாட்டில் ஒவ்வொரு முறை சேவ் பண்ணும்போதும், அதற்கு முந்தைய சேவ் பி.ஏ.கே என்ற பின்னொட்டோடு ஒரு பிரதியாக நிற்கும். அதன் பின்னொட்டை டி.டபிள்யூ.ஜி என்று மாற்றினால் வழமையான பைலாகத் திறக்கும். ஆனால் அது பிறக்கும் இடம் மூலப் பைல் இருக்கும் அதே போல்டர். போல்டரோடு அதுவும் போய்விட்டது.

மூன்றாவது, மீட்கும் மென்பொருள். ஒரு பைலை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. எஃப்.ஏ.டி32 முறையில் இயங்கும் என் பென் ட்ரைவில் நடப்பது இதுதான்: பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படும், அது இருந்த இடம் "காலி" என்று குறிக்கப்படும். வேறொன்று வந்து மேலே எழுதும் வரைக்கும் பழையது அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயரைத் தேடாமல் பைலின் தொடக்க எழுத்துகளைத் தேடும். டி.டபிள்யூ.ஜி பைல்கள் "ஏசி" என்று தொடங்கி ஓர் இலக்கத்தோடு வரும். 2018 வடிவம் என்றால் ஏசி1032.

விடிய விடிய ஓடவிட்டேன். ஒரேயொரு பைல் வந்தது. நெஞ்சு படபடக்கத் திறந்தால், வகுப்பில் பயிற்சிக்காகக் கீறிய ஒரு மலசலகூடம்! வீடு இருந்த இடத்தில் சிநேகிதனின் படம் ஏறிவிட்டிருந்தது. அந்தப் படத்தை அவன் முழுசாகப் பார்க்கவும் இல்லையாம்.

நான் விட்டுவிட்டேன். அம்மம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது என்னோடு படித்த ஒருத்தி கேட்டாள், "ஓட்டோசேவ் பாத்தனியே?"

பத்து நிமிசத்துக்கு ஒருமுறை, நீங்கள் ஏதாவது மாற்றியிருந்தால், ஓட்டோகாட் தானாக ஒரு பிரதி எடுக்கும். பின்னொட்டு எஸ்.வி.யும் ஒரு டொலர் குறியும். மூலப் பைல் பென் ட்ரைவில் இருந்தாலும் இந்தப் பிரதி லப்டொப்பின் டெம்ப் போல்டருக்குள்தான் போகும். ஆனால் வேலை முடித்து ஒழுங்காக மூடினால் ஓட்டோகாட் அதை அழித்துவிடும். இடையில் மெஷின் நின்றால் மட்டும் அது மிஞ்சும்.

ஒழுங்காக மூடாத நாள் ஒன்று இருந்தது. 2022 பங்குனி ஞாபகம் இருக்கிறதுதானே? மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. என் லப்டொப்பின் பற்றரி செத்த பற்றரி. ஒரு இரவு கீறிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் லப்டொப்பும் போனது. அன்றைக்கு எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

கட்டளை வரியில் சேவ்ஃபைல்பாத் என்று அடித்தேன். டெம்ப் போல்டரின் முகவரி வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் குப்பை. நடுவில் வீட்டின் பெயரோடு ஒரு எஸ்.வி டொலர் பைல். வேறிடத்துக்குப் பிரதியெடுத்து, பின்னொட்டை மாற்றித் திறந்தேன். திண்ணை வந்தது. முற்றம் வந்தது. நாலு விறாந்தையும், சாமியறையும், அம்மம்மாவின் அறையும் வந்தன. இடையில் ஒருநாள் "டெம்ப் கிளீன்" பண்ணியிருந்தால் அதுவும் இல்லை.

குசினி வரவில்லை. அது கரண்ட் போனதற்கு அடுத்த கிழமை கீறியது.

போனில் குசினியின் படம் ஒன்று இருந்தது. சுவரோடு ஒட்டி அம்மி. அந்த அம்மி இப்போதும் மாமா வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. போய் அளந்தேன், 18 அங்குலம். படத்தில் சுவர் அம்மியைப்போல எத்தனை மடங்கு என்று கணக்குப் பார்த்தால் சுவர் 11 அடி வருகிறது. அம்மம்மாவைக் கேட்டேன். "ரெண்டு பாய் நீட்டுக்கு விரிச்சா சுவரில முட்டும்" என்றா. அது 12 அடி. ஆர் சரி என்று தெரியவில்லை. 12 அடி என்றே வைத்து, குசினியை மட்டும் முறிகோட்டில் கீறினேன். அளந்தது முழுக்கோடு, கேட்டது முறிகோடு.

இப்போது பைலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்: லப்டொப்பில், கூகுள் ட்ரைவில், அக்காவின் மெஷினில். மூவ்பக் என்ற கட்டளையால் பக் பைல்கள் வேறு போல்டருக்குப் போகவும் செய்திருக்கிறேன். இதையெல்லாம் இன்றைக்கே செய்யுங்கள். எனக்குக் கரண்ட் கட் உதவினது மாதிரி உங்களுக்கும் ஏதாவது உதவும் என்று இருக்காதீர்கள். எஸ்.எஸ்.டி வன்தட்டு என்றால் அழித்த பிறகு மீட்பது இன்னும் கஷ்டம்.

பெரிய தாளில் அடித்து அம்மம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையிலிருந்து விரலை வைத்து மெல்ல மெல்ல உள்ளே போனா. முற்றத்தைச் சுற்றினா. முறிகோட்டுக் குசினிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றா. பிறகு தாளுக்கு வெளியே விரலைக் கொண்டுபோய்க் கேட்டா:

"எங்கை கிணத்தைக் காணேல்லை?"

நான் அன்றைக்குக் கிணற்றை அளக்கவே இல்லை. வீட்டுக்குள் இல்லாதது எனக்கு வீடாகத் தெரியவில்லை. ஆனால் மாமா கிணற்றைத் தூர்க்கவில்லை, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாற ஞாயிறு ரேப்போடு போகிறேன். அம்மம்மாவும் வாறாவாம், மற்ற நுனியைப் பிடிக்க.