நூறு மதிப்பெண்ணுக்கு அப்புறம்

மூளையில் ரத்தக்கசிவு வந்து பிழைத்தவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வீடுகளில் எனக்குப் பெயர் 'பிசியோ சார்'. என் பையில் எப்போதும் இருக்கும் படிவம், 1965இல் மஹோனியும் பார்த்தெலும் வெளியிட்ட பார்த்தெல் அளவுகோல். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்து வேலைகள். எல்லாவற்றையும் தானே செய்தால் 100. நூறு வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் நூறு வாங்கியவரால் சமைக்கவும், தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளவும், நாலு பேரோடு புழங்கவும் முடிந்தாக வேண்டும் என்றில்லை. இதை அந்த இருவரே அன்றைக்கே எழுதிவைத்தார்கள்.

நான் பார்க்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் நூறு வாங்கியவர். மூளையின் இடது பக்கம் கசிந்து, வலது கை கால் இழுத்து, பேச்சும் போயிருந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சாமான் கேட்டால் கணக்குத் தப்பிவிடுகிறது. குளித்து உடுத்தி முடிப்பதற்குள் ஓய்ந்து போகிறார். "நல்லாத்தானே இருக்கார், சும்மா சும்மா படுத்துக்கிறார் சார்" என்றார் அவர் மனைவி. நான் அதிகம் கேட்கிற புகார் இதுதான். இது சோம்பல் இல்லை அம்மா என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். அடிபட்ட மூளைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே பெரிய வேலை. தூங்கி எழுந்தாலும் போகாத இந்த அயர்ச்சி வருஷக்கணக்கில் கூட வரும்.

அதனால் அவருடைய அன்றாட வேலைகளை மாற்றி அடுக்கினோம். ஸ்டூலில் உட்கார்ந்து குளியல், அப்புறம் கட்டாய ஓய்வு. கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் மட்டும் கடை. கல்லாவில் மனைவி, பருப்பு நிறுத்துப் பொட்டலம் போடுவது அவர். கவரைப் பிடிப்பது வலது கைதான். ரப்பர் பந்தை அமுக்குவதை விட எனக்கு இந்தப் பயிற்சி மேல். ஆறு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது என்று ஊரில் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறுவார்கள், பிறகு மெதுவாகும், அவ்வளவுதான். புழங்குகிற கை அதற்குப் பிறகும் மாறுகிறது.

புழங்க விடாதது பெரும்பாலும் பாசம். "விடுங்க, நான் ஊட்டிவிடுறேன்" என்கிற மகள், தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிற மகன். அப்படித் தூக்கினால் தோள்மூட்டு நழுவி வலி நிலைத்துவிடக்கூடும். இடுப்பைப் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு பிடிக்கவில்லை, யாரையும் பார்க்க வேண்டாம் என்றால் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு மருந்து இருக்கிறது.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. இந்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ரத்தக்கொதிப்பு. "பிபி நார்மலாயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டோம்" என்கிறார்கள். நார்மலானது அந்த மாத்திரையால்தானே! 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்ததை விழுங்குகிறார்களா என்று பார்க்க, போனதும் மாத்திரை அட்டையைத்தான் கேட்பேன். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை மிச்சமிருந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது; பிபி பார்த்து, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் கிளம்புவேன்.