வில்லும் சுமையும்

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் எங்கள் பகுதியில் முதலில் எஞ்சினை முறுக்கிக் கேட்பார்கள். பிறகு கதவைச் சாத்திப் பார்ப்பார்கள், பெயின்ற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பவர் பத்தில் ஒருவர்தான். ஆனால் தார் வீதி முடிந்து கிறவல் தொடங்கியதும் வண்டியின் குணத்தைச் சொல்வது எஞ்சின் அல்ல. அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையில் கிடக்கும் இரும்பு வில்தான்.

எங்கள் வீட்டில் நிற்பது 1990களின் முற்பகுதியில் வந்த ஒரு ஹைலக்ஸ் பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும் வகை. 1968இல் ஹைலக்ஸைத் தொடங்கிய டொயோட்டா, 1979இல்தான் அதற்கு நாலு சக்கர இயக்கத்தைக் கொடுத்தது. எங்கள் வண்டியில் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் முழு அச்சும் தகட்டு வில்லும்தான். சொகுசுக்காகச் செய்த வண்டி அல்ல, சுமைக்காகச் செய்தது. நானும் தம்பியும் பங்கு போட்டு வாங்கினோம். வேளாண்மை அவனுடையது, மாதச் சம்பளம் என்னுடையது.

முன்பு வைத்திருந்தவர் அதில் மணலும் செங்கல்லும் ஏற்றியிருக்கிறார். பின் வில்லில் இரண்டு தடித்த பிளேட் கூடுதலாகச் சொருகியிருந்தார். வெறும் வண்டியாக ஓட்டினால் கல்லும் கல்லும் மோதுவது போல இருக்கும். முன் வில் அதற்கு நேர்மாறு. வளைவு செத்துத் தட்டையாகி, இடது பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்து கிடந்தது.

வாப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. முதுகெலும்பில் ஓர் எலும்பு நசுங்கியிருக்கிறது, குலுக்கம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் பெரும்போக வெட்டுத் தொடங்கினால் வட்டைக்குப் போகாமல் அவரால் இருக்க ஏலாது. நெல்லை வெட்டுவது இப்போது மெசின். களவெட்டியில் சூடு போட்டு மாடு வளைத்த காலம் போய்விட்டது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வாடியில் குந்தியிருந்து, வெட்டின வயலின் வாசத்தைப் பிடிக்க வேண்டும் அவருக்கு.

பிரதான வீதியிலிருந்து எங்கள் வட்டைக்கு நாலு கிலோமீற்றர். பாதி கிறவல், மீதி வாய்க்கால் கட்டு. மாரியில் உழவு மெசின் பதித்த தடங்கள் வெயிலில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அந்த நாலு கிலோமீற்றருக்கும் வாப்பா இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து, கைபிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வருவார். நோகுது என்று ஒரு சொல் வாயில் வராது. முகத்தில் தெரியும்.

கராஜுக்குக் கொண்டுபோனோம். பாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"சேர், பின்னுக்கு இன்னொரு பிளேட் போடுவம். முன்னுக்கு செக்கிள நீட்டுவம். மூணு இஞ்சி தூக்கிட்டா எந்தப் பள்ளத்திலயும் இறக்கலாம்."

தம்பிக்கு முகம் மலர்ந்தது. காட்டு வழி போகும் பிக்கப் என்றால் உயரமாக நிற்க வேண்டும், வில் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கலாசாலையில் சுருள் வில்லைத் தொங்கவிட்டு, படிக்கல்லை ஒவ்வொன்றாகப் போட்டு, நீட்சியை அளந்து வரைபு கீறிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் 1676இல் அந்த விதியை எழுத்துக்களைக் குலைத்து ஒரு புதிராக அச்சிட்டு, 1678இல் தானே விடுவித்தார். விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்பதுதான் விடை. தகட்டு வில்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிளேட்டின் எண்ணிக்கையை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்காகும். தடிப்பை இரட்டித்தாலோ எட்டு மடங்காகும். 6 மில்லிமீற்றர் பிளேட் இருந்த இடத்தில் 8 மில்லிமீற்றர் பிளேட்டைப் போட்டாலே விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த இரண்டு தடித்த பிளேட்டும் மணலுக்கு ஏற்றவை, மனிதனின் முதுகுக்கு ஏற்றவை அல்ல.

உயரம் வேறு, விறைப்பு வேறு. உயரத்தைத் தருவது வில்லின் வளைவு. விறைப்பைத் தருவது தடிப்பு. பிளேட்டைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறுவதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். எங்கள் வண்டிக்குத் தேவைப்பட்டது பிளேட்டைக் கழற்றிவிட்டு, வளைவை மீட்பதுதான்.

இதைச் சொன்னதும் தம்பி கேட்டான்:

"காக்கா, பிளேட்டக் கழட்டினா நெல்லு எப்பிடி ஏத்துற?"

"வருசத்தில எத்தின நாள் நெல்லு ஏத்துறாய்?"

"ஆறேழு நாள்தான். அந்த ஆறேழு நாள்தானே காக்கா மத்த நாளெல்லாம் சோறு போடுது."

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவன் சொன்னது நியாயம்.

இந்தப் பேச்சு எப்படியோ வாப்பாவின் காதுக்கு எட்டிவிட்டது. இஷாத் தொழுகை முடிந்து வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தவர், எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"எனக்காக வண்டிய மெலிய வைக்காதீங்க மனே. நான் ஊட்டயே இரிக்கன்."

அதன் பிறகு தம்பி பிளேட்டைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் கராஜுக்குப் போய், கழற்றச் சொன்னவன் அவன்தான்.

பின் வில்லிலிருந்து இரண்டு தடித்த பிளேட்டும் வெளியே வந்தன. மற்றப் பிளேட்டுகளையும் முன் வில்லையும் வில் அடிக்கும் பட்டறையில் கொடுத்து, குளிர்ந்தபடியே சம்மட்டியால் தட்டி வளைவு ஏற்றினோம். நெருப்பில் காய்ச்சி வளைப்பது சுலபம். ஆனால் உருக்கின் பதம் கெட்டுவிடும். திரும்பப் பதமேற்றத் தெரியாதவரின் கையில் பட்டால் வில் கொஞ்ச நாளில் மறுபடி தட்டையாகிவிடும். பின்னால் அடியில் கிடந்த, கொம்பனி போட்ட தட்டையான பிளேட்டை மட்டும் விட்டுவைத்தோம். வெறும் வண்டியில் அது சும்மா கிடக்கும். சுமை ஏறி மேல் வில் தாழும்போதுதான் தோள் கொடுக்கும். தம்பிக்குக் கிடைத்த ஆறுதல் அது.

செக்கிளை நீட்ட நான் சம்மதிக்கவில்லை. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலம்தான். முன் அச்சின் சரிவு மாறி ஸ்டியரிங்கின் குணமும் கெட்டுப்போகும்.

நாலு ஷொக்அப்சோபரும் புதிதாகப் போட்டோம். ஷொக் வண்டியைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது வில். வில் ஆடுகிற ஆட்டத்தை எண்ணெய்க்குள் இழுத்துச் சூடாக்கி அடக்குவதே ஷொக்கின் வேலை. மூலையில் கையை ஊன்றி அமுக்கி விட்டால் நல்ல வண்டி ஒருமுறை எழும்பி அமர்ந்துவிடும். எங்களுடையது நாலு முறை ஆடியது. வில்லின் கண்களுக்கு ரப்பர் புஷ், அச்சைக் கட்டும் யூ போல்ட் எல்லாம் புதிது. ஒருமுறை இறுக்கிக் கழற்றிய யூ போல்ட்டை மறுபடி பாவிக்கக் கூடாது. புதியதையும் 500 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது பிரேக். பின் அச்சிலிருந்து சட்டகத்துக்கு ஒரு சிறு கம்பி போகிறது. வண்டி தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று கண்டு, பின் சக்கர பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும் வால்வு அதில் இருக்கிறது. வண்டியை உயர்த்தினால் சுமை இல்லை என்று எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நாங்கள் உயர்த்தியது ஒன்றரை அங்குலம்தான். இருந்தும் வால்வின் தாங்கியை உயர்த்திச் சரிசெய்து, பிரேக் குழாய்கள் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுத்தோம்.

பெப்ரவரிக் கடைசியில் வெட்டுத் தொடங்கியது. கிறவல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, டயர்க் காற்றை 32 இறாத்தலிலிருந்து 22க்கு இறக்கினேன். தார் வீதிக்குத் திரும்பும்போது மறக்காமல் ஏற்ற வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறும். வாய்க்கால் கட்டில் ஏறியதும் ஓரக்கண்ணால் வாப்பாவைப் பார்த்தேன். குலுக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அடியாக விழாமல் அலையாக வந்து போனது. வாப்பா கண்ணை மூடவில்லை. "ஆர்ர வயல் மனே இது, இப்பிடிப் புல்லு மண்டிக் கிடக்கி?" என்று கேட்டார். பக்கத்துப் போடியாரின் பெயரைச் சொன்னேன். வட்டை வரும்வரைக்கும் அவருடைய வாப்பாவின் காலத்து வேளாண்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தப் போகத்தில் மூன்று முறை வந்தார். பிக்கப்பில் இப்போது பத்து மூடைக்கு மேல் ஏற்றுவதில்லை. மிச்ச நெல்லுக்குத் தம்பி டிரக்டர் பிடிக்கிறான். கூலியில் பாதியை நான் கொடுக்கிறேன்.