மூன்று ஆணிகள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்)

ஆண்டு மலரில் ஒரு விளையாட்டுப் பலகையைப் பற்றிக் கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பெரிய பொருள்களைப் பற்றி எழுதப் பேராசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். கடந்த கோடை விடுமுறையில் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பழைய பலகையோடு நான் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். கணிதம் படிக்கிற எனக்கு அந்தப் பலகை கணிதமும் சொல்லிக் கொடுத்தது. கணிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிக் கொடுத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்தப் பலகையின் பெயர் பேகடெல். நம் பெற்றோர் தலைமுறையினர் இதை நன்கு அறிவர். இரண்டரை அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள, தலைப்பக்கம் வளைந்த மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகச் சிறு ஆணிகள். ஆணிகளை வளைவாக அடித்துச் செய்த கிண்ணம் போன்ற அடைப்புகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். வலப்பக்க ஓரத்தில் நீளமாக ஒரு வாய்க்கால். அதன் அடியில் சுருள்வில் கோத்த ஓர் இழுகம்பி. கம்பியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு வாய்க்கால் வழியே மேலேறி, வளைவைச் சுற்றி, ஆணிகளில் தட்டித் தட்டி இறங்கி, எங்கேனும் ஓர் அடைப்பில் அமரும். பத்துக் குண்டுகளையும் அடித்து முடித்து எண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பேகடெல் என்ற சொல் யார் வாயிலும் நுழையாமல் 'ஆணிப் பலகை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதை 1978-ஆம் ஆண்டு என் தாத்தா சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமானாக வாங்கி, காட்பாடி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அந்த மூர் மார்க்கெட்டே 1985-இல் தீக்கிரையாகிவிட்டது. தாத்தாவும் இன்று இல்லை. பலகை மட்டும் பரணில் கிடந்தது.

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் பிரான்சு தேசம். பில்லியர்ட்ஸ் போல நீண்ட கோலால் குண்டை உந்தி ஆடும் மேசை ஆட்டமாகத்தான் இது முதலில் இருந்தது. 1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் கோலை எடுத்துவிட்டுச் சுருள்வில் இழுகம்பியைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அந்த ஒரு மாற்றத்தால் இது சிறுவரும் ஆடக்கூடிய ஆட்டமாயிற்று. 1920களில் இதன் ஒரு வகை ஜப்பானுக்குப் போயிற்று. அங்கே இடம் குறைவு. ஆகவே படுத்திருந்த பலகையைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்தினார்கள். அதுதான் பச்சிங்கோ. குண்டு ஆணிகளில் மோதும் 'பச்சி பச்சி' ஓசையே அதற்குப் பெயரானது. ஆக, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது பச்சிங்கோ எந்திரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

பரணிலிருந்து இறக்கியபோது அதன் கோலம் பரிதாபமாக இருந்தது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. சுருள்வில் துருவேறி இரண்டு துண்டாகிவிட்டது. பத்துக் குண்டுகளில் மூன்றுதான் மிச்சம். தலைப்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும் கால்கட்டை காணாமற் போயிருந்தது. "இதுக்கு ஏம்மா இவ்ளோ பாடு? கடையில புதுசா கேரம் போர்டு வாங்கித் தரேன்" என்றார் அப்பா. ஆனால் அன்று மாலையே தம்முடைய குறடு, சுத்தி, திருப்புளி எல்லாவற்றையும் எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் குண்டுகளின் கதை. சைக்கிள் கடையில் கிடைக்கும் பெரிய குண்டு கால் அங்குலம். பலகைக்கு உரியதோ அரை அங்குலக் குண்டு. விட்டம் பாதி என்றால் எடையும் பாதி என்று தோன்றும். உண்மையில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே சைக்கிள் குண்டு ஆணிகளுக்கு இடையே புகுந்து நேரே கீழே ஓடிவிடுகிறது. ஆணியோடு பேசுவதே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து லாரிப் பட்டறை ஒன்றில் கழித்துப்போட்ட பேரிங்கிலிருந்து அரை அங்குலக் குண்டுகள் ஏழு கிடைத்தன. ஒவ்வொன்றும் எட்டுக் கிராமுக்குச் சற்று மேல். பச்சிங்கோவின் குண்டு இதைவிடச் சிறியது. 11 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய ஐந்தரைக் கிராம்.

அடுத்தது தோல். இழுகம்பி திரும்பி வந்து மோதும் இடத்தில் ஒரு தோல் வாஷர் உண்டு. அது காய்ந்து நொறுங்கிவிட்டது. தோலுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமா! ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் மேல்தோல் துண்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்தார். மெத்தென்று அழகாக இருந்தன. ஆனால் வாஷருக்கு உதவாது. அது குரோம் தோல். வளையும், இழுபடும், அடி தாங்கி விறைப்பாக நிற்காது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய பழைய முறைத் தோல்தான் கெட்டியாக நிற்கும். ஒரு காலத்தில் நம் பாலாற்றங்கரை ஊர்கள் அந்தப் பட்டைத் தோலைத்தான் பாதி பதனிட்ட நிலையில் சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 1970களில் அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகே முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் இங்கே பெருகின. தாத்தா இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய பழைய இடுப்புவார் ஒன்று அலமாரியில் இருந்தது. பாட்டியின் அனுமதியோடு அதன் நுனியில் ஒரு ரூபாய் அளவுக்கு வெட்டி வாஷர் செய்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

மரத்துக்கு அரக்கு மெருகு. உப்புத்தாளால் பழைய வார்னிஷைத் தேய்த்து எடுத்த பின், அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய வெள்ளைத் துணியில் பொதிந்து, அதை நனைத்து ஒரே சீராகப் பூச வேண்டும். ஒரு பூச்சுக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. வேலூர் வெயிலைத் திட்டாதவர் இல்லை. எனக்கு அது கைகொடுத்தது. ஆறு பூச்சில் பலகை தேன் நிறம் கொண்டது.

கடைசியாக ஆணிகள். மொத்தம் 147. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் ஒவ்வொன்றாகத் துரு நீக்கினேன். பிறகு சிறு மூலைமட்டம் வைத்து எது நேராக நிற்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுக் குறித்தேன். முப்பதுக்கு மேற்பட்டவை சாய்ந்திருந்தன. அவற்றின் சாய்வில் ஒழுங்கு எதுவும் இல்லை. நாற்பது ஆண்டு அடிபட்டதில் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மூன்று ஆணிகள் மட்டும் வேறு மாதிரி. வலப்பக்க மேல் வளைவுக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்து இருந்த அம்மூன்றும் ஒரே கோணத்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. துருவை நீக்கியதும் மூன்றிலும் குறட்டின் பல் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. இவை தாமாகச் சாய்ந்தவை அல்ல, யாரோ சாய்த்தவை.

இங்கே கொஞ்சம் கணிதத்துக்கு இடம் கொடுங்கள். 1870களில் ஆங்கில அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் ஓர் ஆணிப் பலகை செய்வித்தார். நடுவில் விடும் குண்டு ஒவ்வொரு வரிசையிலும் ஓர் ஆணியில் மோதி இடமோ வலமோ சரிபாதி வாய்ப்போடு விழும். நான்கு வரிசை ஆணிகள் வழியே 16 குண்டுகளை விட்டால், சராசரியாக 1, 4, 6, 4, 1 என்று ஐந்து அறைகளில் பிரியும். நாம் பாஸ்கல் முக்கோணம் என்று படிக்கிறோமே, அதன் வரிசை இது. பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டிலேயே இதை 'மேரு பிரஸ்தாரம்' என்று விளக்கியிருக்கிறார். இப்போது முதல் வரிசையில் உள்ள ஒரே ஓர் ஆணியை, குண்டு எப்போதும் இடப்பக்கமே விழும்படி சாய்த்துவிடுங்கள். கணக்கு 2, 6, 6, 2, 0 என்று மாறிவிடும். கடைசி அறைக்கு ஒன்றுகூடப் போகாது! எந்த ஆணியைச் சாய்ப்பது என்று தெரிந்தவருக்கு ஓர் ஆணியே போதும்.

இந்த வித்தையை ஜப்பானியர் ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாகோயா நகரில் மசாமுரா தகேயிச்சி என்பவர் வகுத்த ஆணி அமைப்பு பச்சிங்கோவை நாடெங்கும் பரப்பியது. ஆட்டக் கூடங்களில் ஆணிகளை நுட்பமாகச் சரிசெய்ய 'குகிஷி' என்ற ஆணிக் கைவினைஞர் இருந்தனர். ஆட்டக்காரர் வீடு திரும்பிய பின் சிறு சுத்தியோடு வந்து, ஓர் ஆணியை மயிரிழை விரிப்பார். இன்னொன்றை மயிரிழை நெருக்குவார். கூடத்துக்கு வருவாய் குறையவும் கூடாது. ஆட்டக்காரர் மனம் வெறுத்து வராமற் போய்விடவும் கூடாது. அந்த அளவுக்குத்தான் சாய்வு. கூடங்கள் கழித்துப்போட்ட பழைய பச்சிங்கோ எந்திரங்கள் 1970களில் ஏராளமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அவற்றை இன்றும் வீட்டில் வைத்துப் பழுதுபார்த்து மகிழ்வோர் அங்கே உண்டு.

எங்கள் பலகையில் எந்தக் கூடத்துக்கும் வருவாய் இல்லையே! பிறகு யார் சாய்த்தது? வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணையும் நிமித்தாதம்மா" என்றார்.

அத்தைக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே இளம்பிள்ளை வாதம் வந்து வலக்கை சூம்பிவிட்டது. இன்று நம் தலைமுறைக்கு இந்த நோய் பாடப் புத்தகச் செய்தி. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தது. அன்று அப்படி இல்லை. அத்தையால் இழுகம்பியைப் பாதிக்கு மேல் இழுக்க முடியாது. மெல்ல விட்ட குண்டு வளைவைச் சுற்றிப் போகாமல் வலப்பக்கமே சரிந்து, எண்ணே இல்லாத மூலையில் விழும். ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றுவிட்டுப் பேசாமல் எழுந்து போவாராம். ஒரு வாரம் கழித்து அவர் ஜெயிக்கத் தொடங்கினார். அப்பாவுக்குச் சந்தேகம் வந்து, பலகையை உற்றுப் பார்த்து, ஆணி வளைந்திருக்கிறது என்று தாத்தாவிடம் புகார் சொல்லியிருக்கிறார். "நீ அடிக்கிற வேகத்துக்கு உன் குண்டு அந்தப் பக்கமே போறதில்லையேடா. உனக்கு இன்னாடா நஷ்டம்?" என்றாராம் தாத்தா. அதன் பிறகு அப்பா அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

தாத்தா சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்த்தேன். மற்ற ஆணிகளை நிமிர்த்திவிட்டு அம்மூன்றையும் அப்படியே விட்டேன். கம்பியை முழுதும் இழுத்து விட்டால் குண்டு வளைவைச் சுற்றி இடப்பக்கம் போய் இறங்குகிறது; அந்த ஆணிகளைத் தொடுவதில்லை. பாதி இழுத்து விட்டால் சரியும் குண்டு அவற்றில் தட்டி நடுவுக்குத் திரும்பி, பெரும்பாலும் ஓர் எண்ணில் போய் அமர்கிறது. வலியவனிடமிருந்து எதையும் பிடுங்காமல் எளியவளுக்கு ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஒரு ஃபிட்டர், கையில் ஒரு குறட்டோடு செய்த கணக்கு அது!

ஆடி மாதம் குடியாத்தத்திலிருந்து அத்தை வந்தபோது பலகையை எடுத்து முன்னே வைத்தேன். ஆணியைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு ஒரே குழப்பம். தம் திறமையால் ஜெயித்ததாக நாற்பது ஆண்டு நம்பியவரிடம் போய் அதைச் சொல்வதா? அத்தை மெருகைத் தடவிப் பார்த்தார். விரல் நேரே அந்த மூன்று ஆணிக்குப் போயிற்று.

"நிமித்தாம வுட்டுட்டியா? நல்லதாப் போச்சு" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"பலகையைத் துடைக்கிறது யாரு? நான்தானே. கையில தட்டுப்பட்டுதும்மா. அதுக்கப்புறம் நீங்கள்லாம் தூங்குனாங்காட்டியும்னு சொல்ற மாதிரி, உங்க அப்பா தூங்குன பிறகு, இடது கையால இழுத்துப் பழகிட்டேன். அந்த ஆணி அப்புறம் எனக்குத் தேவைப்படல. எங்கப்பாகிட்ட மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல."

சொல்லிவிட்டு, பலகையின் மேல் குனிந்து இடக்கையால் கம்பியை முழுதும் இழுத்து விட்டார். அன்று நானும் அப்பாவும் படுதோல்வி.

பழுதுபார்ப்பது என்றால் கடையிலிருந்து வந்த நாளில் இருந்தபடி ஆக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். கடையிலிருந்து வந்த நாளில் அந்தப் பலகை ஒரு பலகைதான். அதை எங்கள் வீட்டுப் பலகை ஆக்கியது பிற்பாடு வந்த அந்தச் சாய்வு. எது காலத்தின் சேதம், எது மனிதனின் கைவேலை என்று பிரித்தறிவதே பழுதுபார்ப்பவரின் முதல் கடமை என்பேன். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணோட்டத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டுக்கும் பத்துப் பத்துக் குறள்தான். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விலக்கவில்லை. நேராக நிற்கும் 144 ஆணிகளும் சாய்ந்து நிற்கும் மூன்று ஆணிகளும் ஒரே பலகையில் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள் போலும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒன்று இருக்கும். ஒரு பழைய ரேடியோ, தையல் எந்திரம், சுவர்க்கடிகாரம். பழைய இரும்புக்காரர் வருமுன் இறக்கிப் பாருங்கள். துருவை மெல்லத் துடையுங்கள். வளைந்திருப்பதையெல்லாம் உடனே நிமிர்த்திவிட வேண்டாம். யார் வளைத்தது, எதற்காக வளைத்தது என்று வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.